மூட்டை கட்டும் முன்பே தொலையும் தானியம்

கேள்வி இதுதான்: வளரும் நாடுகளில் விளையும் தானியத்தில் மூன்றில் ஒரு பங்கு அறுவடைக்குப் பிறகு வீணாகிறது என்று எங்கே பார்த்தாலும் எழுதியிருக்கிறார்களே, அது உண்மையா? உண்மை என்றால் நல்ல கிடங்குகளைக் கட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

தானியத்துக்கு அந்த மூன்றில் ஒரு பங்கு கணக்கு பொருந்தாது. கிடங்கு முக்கியம்தான், ஆனால் அது இரண்டாவது வேலை. முதல் வேலை காயவைப்பது. அது சரியாக நடக்காத இடத்தில் எவ்வளவு நல்ல கிடங்கைக் கட்டினாலும் கெடப்போகிற தானியத்தைத்தான் கொண்டுபோய் அடுக்குவோம். ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எண்கள். மூன்றில் ஒரு பங்கு என்பது ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 2011-ல் வெளியிட்ட மதிப்பீட்டிலிருந்து வந்தது. அது பழம், காய்கறி, கிழங்கு, பால், மீன் எல்லாவற்றையும் சேர்த்த கணக்கு. பணக்கார நாடுகளில் தட்டில் மிச்சம் வைத்துக் கொட்டுவதும் அதற்குள் அடக்கம். அதே அமைப்பு 2019-ல் அறுவடைக்குப் பின்னிருந்து சில்லறைக் கடைக்கு வரும் முன் வரைக்கும் உள்ள இழப்பை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது, மதிப்பில் சுமார் 14 சதவீதம் என்றது. அதிலும் தக்காளி அழுகும் வேகத்தில் கோதுமை அழுகாது என்பதால் தானியத்தின் பங்கு குறைவு. இந்தியாவில் 2015-ல் வந்த தேசிய அளவிலான ஆய்வு தானியங்களின் இழப்பை 4.65 முதல் 5.99 சதவீதம் என்றது. 2022-ல் வந்த அடுத்த ஆய்வு 3.89 முதல் 5.92 என்றது. சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் நிலைமை இதைவிட மோசம். உலக வங்கியின் 2011 அறிக்கை அங்கே 10 முதல் 20 சதவீதம் எடை இழப்பு என்றும், அதன் மதிப்பு ஆண்டுக்கு சுமார் 400 கோடி டாலர் என்றும் சொல்கிறது. ஆனால் அதே உலக வங்கியின் ஆய்வாளர்கள் பிறகு மலாவி, தான்சானியா, உகாண்டா மூன்றிலும் விவசாயிகளையே கேட்டுத் திரட்டிய குடும்பக் கணக்கெடுப்புகளை எடுத்துப் பார்த்தபோது, பண்ணை அளவில் மக்காச்சோள இழப்பு நாட்டு விளைச்சலில் 1.4 முதல் 5.9 சதவீதம்தான் வந்தது.

ஒரே கண்டம், இவ்வளவு வித்தியாசம். யாரோ பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை. எதை அளக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

ஒரு குடும்பம் எட்டு மூட்டை வைத்திருக்கிறது, மாதம் ஒன்றாக எடுத்துச் சாப்பிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு மூட்டைகளில் இழப்பே இல்லை. மூன்றாவதில் ஒரு சதவீதம், நான்காவதில் 2, ஐந்தாவதில் 4, ஆறாவதில் 7, ஏழாவதில் 11, கடைசி மூட்டையில் 15. எட்டாவது மாதம் போய்ப் பார்க்கிற ஆய்வாளர் 15 சதவீத இழப்பு என்று எழுதிக்கொண்டு வருவார். ஆனால் எட்டு மூட்டைக்கும் சேர்த்துப் பார்த்தால் சராசரி 5 சதவீதம்தான், ஏனென்றால் பெரும்பகுதி தானியம் பூச்சி பெருகும் முன்பே சாப்பிட்டு முடிந்துவிட்டது. பழைய அறிக்கைகளில் பாதிக்கு மேல் இந்தச் சிக்கல் இருக்கிறது என்பது என் கணிப்பு.

இன்னொரு குழப்பம், ஓட்டை விழுந்த மணிகளை எண்ணி அதையே இழப்பு என்று சொல்வது. நூறு மணியில் நாற்பது மணி ஓட்டை என்றால் நாற்பது சதவீதம் போய்விட்டது என்று அர்த்தமில்லை, பூச்சி மணியின் ஒரு பகுதியைத்தான் தின்றிருக்கிறது. உதிர்த்த மக்காச்சோளத்துக்கு ஓட்டை மணிகளின் சதவீதத்தை எட்டால் வகுத்தால் எடை இழப்பு ஏறத்தாழ வரும் என்பது இந்தத் துறையில் நெடுநாளாகப் புழங்கும் கணக்கு. நாற்பது ஓட்டை மணி என்றால் 5 சதவீத எடை இழப்பு. கோதுமை மணி சிறியது, ஒரு புழுவே அதன் உள்ளே பாதியைக் காலி செய்துவிடும், அதனால் அங்கே இரண்டால் வகுக்க வேண்டும்.

எண் சின்னது, ஆகவே பிரச்சினையும் சின்னது என்று நான் சொல்ல வரவில்லை. சொல்லப்போனால் எனக்கு இந்த விஷயத்தில் கோபமே வருவது இங்கேதான். அந்த மூன்று நாட்டு ஆய்வு இன்னொன்றையும் சொன்னது: இழப்பைப் பார்த்த குடும்பங்கள் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. நாட்டுச் சராசரி 3 சதவீதம் என்றால் எல்லா வீட்டிலும் 3 சதவீதம் போகிறது என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் பல வீடுகளில் ஒன்றும் போவதில்லை, சில வீடுகளில் மூட்டை மூட்டையாகப் போகிறது. அந்தச் சில வீடுகளுக்கு அடுத்த அறுவடைக்கு முன்பான இரண்டு மூன்று மாதம்தான் ஆண்டிலேயே கஷ்டமான காலம். கடைசி மூட்டை கெடுவதும் சரியாக அந்த நேரத்தில்தான்.

எடைக் கணக்கில் வராமலே போகிற இழப்பும் உண்டு. 2004-ல் கென்யாவின் கிழக்குப் பகுதியில், மக்குவேனி, கிட்டுயி மாவட்டங்களைச் சுற்றி, பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு 317 பேர் கல்லீரல் பாதிப்புக்கு ஆளானார்கள், அவர்களில் 125 பேர் இறந்துபோனார்கள். காரணம் அஃப்ளாடாக்சின், ஒருவகைப் பூஞ்சை உண்டாக்கும் நஞ்சு. அனுமதிக்கப்பட்ட அளவு அப்போது அங்கே கிலோவுக்கு 20 மைக்ரோகிராம், சில மாதிரிகளில் ஆயிரத்தைத் தாண்டி இருந்தது. அந்த மக்காச்சோளத்தைத் தராசில் வைத்தால் பெரிதாக எடை குறைந்திருக்காது. சமைத்தாலும் அந்த நஞ்சு போகாது, சாதாரண அடுப்புச் சூடு அதை ஒன்றும் செய்யாது. ஒரேயடியாகக் கொல்லாத இடங்களிலும், வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உடம்புக்குள் போனால் கல்லீரல் புற்றுநோய்க்கு வழி செய்கிறது. கென்யாவில் அப்படி ஆனதற்குக் காரணம் ஈரமாக இருந்த தானியத்தைக் கொண்டுபோய் வைத்ததுதான். திரும்பவும் ஈரத்துக்கே வருகிறோம்.

சரி, ஈரம் ஏன் இவ்வளவு முக்கியம்? தானிய மணிக்கு உயிர் இருக்கிறது. அது மூச்சு விடுகிறது, மூச்சு விடும்போது வெப்பமும் நீரும் வெளியே வருகின்றன. நன்றாகக் காய்ந்த மணி மிக மெதுவாக மூச்சு விடும். ஈர மணி வேகமாக விடும், குவியலின் நடுவில் சூடு ஏறும், சூடும் ஈரமும் சேர்ந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம், பூஞ்சையும் மூச்சு விட்டு இன்னும் சூட்டைக் கூட்டும். ஈர நெல்லைக் குவித்துவைத்து ஓர் இரவு கழித்து நடுவில் கையை விட்டுப் பாருங்கள், வெதுவெதுவென்று இருக்கும். அந்த நெல்லை அரைத்தால் அரிசி மஞ்சளாக வரும். நெல் பெரும்பாலும் 20 முதல் 25 சதவீத ஈரத்தோடு, அதாவது எடையில் அவ்வளவு பங்கு நீரோடு, அறுவடையாகிறது. அறுத்த 24 மணி நேரத்துக்குள் காயவைக்கத் தொடங்கிவிட வேண்டும் என்று நெல் ஆராய்ச்சிக்காரர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். சில மாதம் வைக்க 14 சதவீதத்துக்குள், அதற்கு மேலும் வைக்க 13-க்குள் கொண்டுவர வேண்டும். மக்காச்சோளத்துக்கும் ஏறத்தாழ 13 தான் இலக்கு. தானியத்தின் ஈரமும் அதைச் சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதமும் ஒன்றோடொன்று சமநிலைக்கு வரும், அப்போது அந்தக் காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை வளர முடியாது, அந்த எண்களுக்கு அடிப்படை இதுதான்.

வெயிலில் போட்டால் காய்ந்துவிடாதா என்று கேட்கலாம். காயும், ஆனால் அதிலும் கவனம் வேண்டும். இரண்டு முதல் நான்கு சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்ப வேண்டும், அரை மணிக்கு ஒரு முறை கிளறிவிட வேண்டும். மெல்லிசாகப் பரப்பினால் அதிகமாகச் சூடாகி மணியில் வெடிப்பு விழும், தடிமனாகப் பரப்பினால் அடியில் ஈரம் அப்படியே நிற்கும். பாதி காய்ந்த நெல் மறுபடி மழையிலோ பனியிலோ நனைந்தால் மணிக்குள் மயிரிழை மாதிரி கீறல்கள் விழுகின்றன. வெளியே தெரியாது, ஆலையில் போட்டால் நொய்யாக உடையும். வெறும் தரையில் காயவைத்தால் மண்ணும் கல்லும் மட்டுமல்ல, பூஞ்சை வித்தும் சேர்ந்து வரும். ஒரு தார்ப்பாய் விரிப்பது, என் அனுபவத்தில், செலவழிக்கிற பணத்துக்கு அதிகப் பலன் தருகிற விஷயங்களில் ஒன்று. மழைக்காலத்தில் அறுவடையாகும் இடங்களில் தார்ப்பாயும் போதாது, சூடான காற்றை ஊதிக் காயவைக்கும் இயந்திரம் வேண்டும். ஒரே வருடத்தில் இரண்டு மூன்று போகம் எடுக்கத் தொடங்கிய பிறகு பல நாடுகளில் ஒரு போகமாவது மழையில் மாட்டிக்கொள்கிறது. விளைச்சலைக் கூட்டுகிற திட்டங்கள் போட்டவர்கள் காயவைப்பதைப் பற்றி அந்த அளவுக்கு யோசிக்கவில்லை.

ஈரமானி கையில் இல்லாதவர்களுக்கு ஒரு பழைய வழி இருக்கிறது, நன்றாகவே வேலை செய்யும். ஈரமே இல்லாத கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு தானியத்தைப் போடுங்கள். நன்றாகக் காய்ந்த உப்பு இரண்டு கரண்டி சேருங்கள். இறுக மூடி ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்கிவிட்டு 15 நிமிடம் அப்படியே வையுங்கள். உப்பு கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல், இன்னும் காயவேண்டும். ஒட்டாமல் கீழே உதிர்ந்தால் 15-க்குக் கீழே வந்துவிட்டது. கடித்துப் பார்த்து, கையில் அள்ளிப் போட்டுச் சத்தத்தை வைத்துச் சொல்கிற விவசாயிகளும் இருக்கிறார்கள், பழக்கம் உள்ளவர்கள் சொல்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் 16-க்கும் 14-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பல்லால் கண்டுபிடிப்பது கஷ்டம், கெடுவதும் கெடாததும் அந்த இரண்டு சதவீதத்தில்தான் இருக்கிறது.

அடுத்து பூச்சி. நிறையப் பேர் பூச்சி கிடங்கில்தான் வருகிறது என்று நினைக்கிறார்கள். கூன்வண்டு வயலிலேயே வந்துவிடுகிறது, முக்கியமாக மக்காச்சோளக் கதிரைச் செடியிலேயே காயட்டும் என்று வாரக்கணக்கில் விட்டுவைக்கும் இடங்களில். பெண் வண்டு தன் நீண்ட மூக்கால் மணியில் ஒரு குழி தோண்டும், அதில் ஒரு முட்டை வைக்கும், பிறகு பசை போன்ற ஒன்றால் அந்தக் குழியை மூடிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் மணி முழுசாகத்தான் இருக்கும். புழு உள்ளேயே தின்று வளர்ந்து, கூடாகி, வெப்பமான இடங்களில் ஏறத்தாழ ஐந்து வாரத்தில் முழு வண்டாகத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். ஒரு பெண் வண்டு தன் ஆயுளில் நூற்றுக்கணக்கில் முட்டை வைக்கும். சுத்தமான தானியம்தான் வைத்தேன், ஒரே மாதத்தில் எங்கிருந்து இவ்வளவு வண்டு வந்தது என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில், மூட்டை கட்டும்போதே அது உள்ளே இருந்தது. நன்றாகக் காயவைத்தால் இதுவும் மட்டுப்படும். கூன்வண்டுக்கு 10 சதவீதத்துக்குக் கீழே ஈரம் போனால் பெருகுவது கடினம். ஆனால் எல்லாப் பூச்சிக்கும் இது பொருந்தாது. மெக்சிகோ, நடு அமெரிக்கப் பகுதிகளைச் சேர்ந்த பெரிய தானியத் துளைப்பான் என்ற வண்டு 1970-களின் கடைசியில் தான்சானியாவின் தபோரா பகுதிக்கு எப்படியோ வந்து சேர்ந்தது, 1984-ல் டோகோவில் தென்பட்டது, பிறகு ஆப்பிரிக்காவில் பரவலாகிவிட்டது. அது காய்ந்த தானியத்திலும் தாக்குப்பிடிக்கும், மரத்தையும் துளைக்கும். உரிக்காத மக்காச்சோளக் கதிர்களில் சில மாதத்திலேயே எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை போன வீடுகள் தான்சானியாவில் பதிவாகியிருக்கின்றன. அந்தப் பூச்சி வந்த பிறகுதான் அங்கே பலர் கதிராக வைப்பதை விட்டுவிட்டு உதிர்த்துவைக்கத் தொடங்கினார்கள். அதைத் தின்னும் இன்னொரு வண்டைக் கொண்டுவந்து 1991-ல் டோகோவிலும் மறு ஆண்டு கென்யாவிலும் விட்டார்கள், சில இடங்களில் கட்டுப்பட்டது, முழுசாக ஒழியவில்லை.

இனி சேமிப்புக்கு வரலாம். காய்ந்த தானியத்தைக் காற்றுப் புகாமல் அடைத்தால், உள்ளே இருக்கிற பூச்சிகளே இருக்கிற ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டு, தின்பதை நிறுத்தி, ஈரம் வற்றிச் செத்துப்போகும். மருந்து எதுவும் தேவையில்லை. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 1980-களின் பிற்பகுதியில் கேமரூன் விவசாயிகளின் காராமணிக்காக உருவாக்கத் தொடங்கிய மூன்று அடுக்குப் பை இந்த வழியில்தான் வேலை செய்கிறது: உள்ளே இரண்டு தடித்த பாலித்தீன் உறைகள், வெளியே சாதாரண நெய்த சாக்கு. இப்போது தானியத்துக்கும் அதைப் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். 1980-களில் ஹோண்டுராஸில் சுவிஸ் உதவியோடு தொடங்கி குவாத்தமாலா, நிகராகுவா, எல் சால்வடோர் வரை பரவிய தகரக் குதிர் திட்டமும் அப்படித்தான், அங்கே உள்ளூர்த் தகரக் கொல்லர்களுக்கே செய்யக் கற்றுக்கொடுத்தார்கள், அதனால்தான் உதவிப் பணம் குறைந்த பிறகும் அது நின்றது என்பது என் கருத்து. இரண்டுக்கும் ஒரே நிபந்தனை: உள்ளே போவது காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தோடு அடைத்தால் புளித்து நாறும். சாதாரணச் சாக்கில் வைத்திருந்தால் ஓரளவாவது காற்றாடியிருக்கும், இதில் அதுவும் இல்லை. தகரக் குதிர் என்றால், அதை வெயிலில் வைத்தால் பகலில் சூடாகி இரவில் உள்சுவரில் வியர்த்து நீர் வடியும், நிழலில்தான் வைக்க வேண்டும்.

பாஸ்பீன் புகைமூட்டம், அதாவது பாஸ்பீன் என்ற நச்சு வாயுவை விட்டுப் பூச்சியைக் கொல்வது பற்றி ஒரு வார்த்தை. பெரிய கிடங்குகளில் முறையாக மூடி, பயிற்சி உள்ளவர் செய்தால் நல்ல முறை. அந்த வாயுவை வெளியிடும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டுக்குள் மூட்டைக்கு நடுவே போட்டுவிட்டு அதே அறையில் படுப்பது உயிருக்கு ஆபத்து, தயவுசெய்து செய்யாதீர்கள். ஒழுங்காக மூடாமல் புகை போட்டால் பாதிப் பூச்சிதான் சாகும், மிச்சம் இருப்பவை மருந்தைத் தாங்கிப் பழகிவிடும். இன்றைக்குப் பல நாடுகளில் பாஸ்பீனுக்கு அசையாத பூச்சிகள் இருப்பதற்குப் பெரிய காரணம் இதுதான்.

யாரும் இழப்பு என்றே நினைக்காத இடம் ஒன்று இருக்கிறது, அரவை. நெல்லின் எடையில் உமி ஐந்தில் ஒரு பங்கு, தவிடு பத்தில் ஒரு பங்கு, ஆக நல்ல ஆலையில் நூறு கிலோ நெல்லுக்கு 65 முதல் 70 கிலோ அரிசி வரும். இன்னும் பல ஊர்களில் ஓடுகிற பழைய ஒற்றை இரும்பு உருளை அரவை இயந்திரத்தில் 55 கிலோ வந்தாலே பெரிது, அதிலும் நொய் நிறைய இருக்கும். பத்துக் கிலோவுக்கு மேல் அரிசி உமியோடும் தவிட்டோடும் கலந்து மாட்டுத் தீவனமாகப் போய்விடுகிறது. பல வீடுகளில் பூச்சியால் போவதைவிட இது அதிகம்.

இவ்வளவு தெரிந்தும் ஏன் மாறவில்லை? 1975-லேயே ஐ.நா. பொதுச்சபை, 1985-க்குள் இழப்பைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 2014-ல் ஆப்பிரிக்கத் தலைவர்கள் மலாபோவில் கூடி 2025-க்குள் பாதி என்றார்கள். விவசாயிக்குத் தெரியவில்லை, சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றே பெரும்பாலான திட்டங்கள் தொடங்குகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. கணக்கைப் பாருங்கள்: 20 சதவீத ஈரத்தில் இருக்கும் நூறு கிலோவை 14-க்குக் கொண்டுவந்தால் அது 93 கிலோ ஆகிவிடும். வியாபாரி இரண்டையும் ஒரே விலைக்கு வாங்குகிறார் என்றால், உழைத்துக் காயவைத்தவருக்கு ஏழு கிலோவின் பணம் நஷ்டம், ஈரத்தோடு விற்றவருக்கு லாபம். அதோடு கடன்காரர் அறுவடை அன்றே வாசலில் நிற்கிறார், விற்றாக வேண்டும். அப்புறம் அந்த ஈரத் தானியம் வியாபாரியின் கொட்டகையில் கெடுகிறது, அது யார் கணக்கிலும் வருவதில்லை. விவசாயி தெரியாமல் செய்யவில்லை, தன் பணக் கணக்கைச் சரியாகத்தான் போட்டிருக்கிறார்.

ஆகவே கிடங்கு கட்டப் பணம் இருக்கிறது என்று யாராவது என்னிடம் கேட்டால், அதில் ஒரு பகுதியைத் தார்ப்பாய்க்கும், ஊருக்குப் பொதுவான உலர்த்தி இயந்திரத்துக்கும் ஒதுக்கச் சொல்வேன். அதைவிட முக்கியமாக, தானியம் கைமாறும் ஒவ்வொரு இடத்திலும் ஈரமானி வைத்து, ஈரத்துக்குத் தகுந்த விலையை விற்பவர் கண்முன்னே எழுதிப் போடச் சொல்வேன். காய்ந்த தானியத்துக்குக் கூடுதல் விலை கிடைத்தால் காயவைக்க யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அறுவடை நேரத்துக் கடனுக்கு, இருப்பில் உள்ள தானியத்தையே ஈடாக வைத்துச் சின்னக் கடன் கொடுக்கிற ஏற்பாடும் கூடவே வேண்டும், இல்லையென்றால் காயும் வரை காத்திருக்க யாராலும் முடியாது. கிடங்கு அதற்கடுத்து. எவ்வளவு பெரிதாக வேண்டும், எங்கே வேண்டும் என்பதை, காய்ந்த தானியம் எவ்வளவு வரத் தொடங்குகிறது என்று ஒரு போகம் பார்த்த பிறகு முடிவு செய்யலாம்.